தின்னாத கீரை

பேசக்கூடாதாம். ஊசியைப் போட்டுட்டு அந்தப் பிள்ளை சொல்லுதா, ஜெபசெல்வின்னு சட்டையில பேரு குத்தியிருக்கு, அம்மா இன்னும் ஒரு மணி நேரத்துக்கு நீங்க வாயைத் திறக்கக்கூடாது, எதையும் மெல்லக்கூடாது, போனைப் பாக்கக்கூடாது, சும்மா சாஞ்சு கிடங்க, நான் இப்பப் போட்டது சர்க்கரைத் தண்ணி மாதிரி, லேசா கதிர்வீச்சு கலந்தது, உடம்புல எந்த இடம் ரொம்ப வேலை செய்யுதோ அந்த இடம் அந்தச் சர்க்கரையை இழுத்துக்கிடும், அப்புறம் மிஷின்ல படுக்க வச்சுப் படம் புடிச்சா அந்த இடம் பளிச்சுனு எரியும், நீங்க பேசினீங்கன்னா தொண்டை இழுத்துக்கிடும், பொய்யா வெளிச்சம் காட்டும். சொன்னவ நின்னாளா, கதவைச் சாத்திட்டு ஓடியே போயிட்டா, நான் இப்பக் கிட்ட வரக்கூடாத ஆளு. கோவில்பட்டி செண்பகவல்லி, ஸ்டேஷன் ரோட்டுல மெஸ் நடத்துதவ, காலையில இட்லிக்குத் திறந்த வாயைக் கல்லா பூட்டுறவரைக்கும் மூடாதவ, எனக்குப் பூட்டு போட்டுட்டுப் போயிட்டா ஒரு சின்னப்பிள்ளை. எங்க மெஸ்ல சாப்பிடுத பேங்க் பிள்ளைகளுக்குத் தெரிஞ்சா இலையில விழுந்து சிரிக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லைம்பாக, என் வாய்க்கு ஒரு ஊசி போதும்னு ஆயிப்போச்சு. சரி, மூடிட்டேன். மனசை எப்படிம்மா மூடுவே, அது என்ன சோத்துப்பானையா? அது பாட்டுக்குக் கொதிக்கத்தான் செய்யும். ஏசி வேற இந்தப் போடு போடுது, கம்பளி ஒண்ணு போத்தியிருக்காக, ஆஸ்பத்திரிக் கம்பளிக்குன்னு ஒரு வாடை இருக்கு, வெயில் படாத வாடை.

அவுக வெளியில இரும்பு நாற்காலியில உக்காந்திருப்பாக. எங்க வீட்டுக்காரக. மடியில ஒயர்கூடை, கூடைக்குள்ள பிளாஸ்க், பழைய ஸ்கேன் படம் அத்தனையும். என்னத்தை நினைச்சுக்கிட்டு இருப்பாகன்னு எனக்குத் தெரியும். கீரையை. உலகத்துல மத்தப் புருஷன்மாரெல்லாம் பெண்டாட்டிக்கு என்ன ஆகுமோன்னு விசாரப்படுவாக, என் புருஷன் பெண்டாட்டி என்னத்தைத் தின்னாளோன்னு விசாரப்படுதாக. நல்ல மனுஷந்தான், குடி கிடையாது, பீடி கிடையாது, என்னை ஒரு நாள் கை நீட்டினது கிடையாது, அதுதான் வயித்தெரிச்சல், கெட்டவனா இருந்தா போடா மயிருன்னு விட்டிருவேன். நல்லவுக நம்பலைன்னாத்தான் வலிக்கு. போன ஆடியில ஆரம்பிச்சது இது. பரண்ல இருந்து அண்டாவை இறக்கணும்னு ஏணியில கால் வச்சேன், மூச்சு இல்லை. எங்க போச்சுன்னே தெரியலை. மூச்சு என்ன சாவிக்கொத்தா, எங்கயோ வச்சிட்டுத் தேடுறதுக்கு? வயசாகுதுல்லான்னாக, உடம்பு போட்டுருச்சுல்லான்னாக, வாயுன்னாக, பூண்டைச் சுட்டுத் தின்னச் சொன்னாக, தின்னேன். ஒரு டாக்டர் ஆஸ்துமான்னு சொல்லி உறிஞ்சுற மருந்து குடுத்தாரு, உறிஞ்சினேன். ஒரு நாள் கிரைண்டர்ல உளுந்து பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு, நான் பக்கத்துல மாவுக்கையோட விழுந்து கிடக்கேன். திருநெல்வேலிக்குத் தூக்கிட்டுப் போனாக. நெஞ்சுல இருந்து நுரையீரலுக்குப் போற பெரிய ரத்தக்குழாயில ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிட்டு இருக்கு, நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்கன்னாக. ரத்தத்தை நீர்க்க வைக்க மாத்திரை குடுத்தாக. தினமும் போடணும், கீரை மட்டும் தொடக்கூடாது, கீரை தின்னா மாத்திரை வேலை செய்யாதுன்னாக. அதுக்கென்ன, விட்டுட்டேன். அன்னைக்கே விட்டுட்டேன்.

கீரைன்னா எனக்கு உசிருதான், இல்லைங்கலை. வெள்ளிக்கிழமைன்னா எங்க மெஸ்ல முருங்கைக்கீரை, பாசிப்பருப்பு மலர வேகணும், குழையக்கூடாது, கீரையைப் போட்டதும் மூடி போடக்கூடாது, மூடினா நிறம் செத்துப்போகும், கடைசியில கைநிறையத் தேங்காய்ப்பூ. அதுக்குன்னே தீப்பெட்டி ஆபீஸ்ல இருந்து தூக்குச்சட்டியோட வருவாக. சமைச்சேன். சமைக்காம மெஸ்ஸை இழுத்து மூடவா? ஆனா தின்னலை. உப்புக்கூடப் பாக்கலை. கண்ணால அளந்து கையால போட்டேன், ஒரு வெள்ளிக்கிழமை உப்பு கரிச்சுத் தள்ளிருச்சு, கணக்கு வாத்தியார் ஒருத்தரு இலையை மடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு, என் பந்தியில ஒருத்தர் பாதிச் சோத்துல எந்திரிச்சது அதுதான் முதத் தடவை. ருசி பாத்திருந்தா உப்பு கூடியிருக்குமாய்யா? அதை விடவா ஒரு சாட்சி வேணும்? ஒருத்தருக்கும் தோணலை. அன்னைக்குக் கரண்டி… கரண்டியைக் கையில ஏந்தி, பழக்கதோஷம், உள்ளங்கையில ஒரு சொட்டு ஊத்தி, வாய்கிட்டக் கொண்டுபோனேன், போனேந்தான், சட்டுனு ஞாபகம் வந்து உதறிட்டேன். நாக்குல பட்டுச்சா? படலை. பட்டிருக்குமோ? சீ, படலை. பட்டாலும் ஒரு சொட்டு. ஒரு சொட்டுக் கீரைத்தண்ணி நெஞ்சுக்குள்ள போய் இம்மாம் பெருசா அடைச்சுக்கிடுமா? பாத்தியா, ஊரெல்லாம் சேர்ந்து திரும்பத் திரும்பச் சொன்னா எனக்கே என் நாக்கு மேல சந்தேகம் வந்திருது. படலைடி வல்லி. நீ உதறினே. சுவத்துல தெறிச்சுது, பச்சையா, துணி வச்சு நீதானே துடைச்சே.

அம்மா, உதட்டை அசைக்காதீங்க. ஐயோ, இது எங்கேருந்து? மேல ஒரு டப்பா பேசுது, அந்த ஜெபசெல்வி எங்கயோ உக்காந்து டிவியில என்னைப் பாத்துக்கிட்டு இருக்கா. முணுமுணுத்தேன் போல. சரி தாயி, அசைக்கலை. பிரமு மதினி இருக்கணும் இந்த ரூமுல, செத்துப்போயிருப்பா. எங்க வீட்டுக்காரகளுக்கு மூத்தவ, கயத்தாத்துல இருக்கா, எங்க எழவுன்னாலும் எங்க சடங்குன்னாலும் முத பஸ்ஸுல வந்து இறங்கிருவா. ரெண்டாவது ஸ்கேன் எடுத்துட்டு வந்த அன்னைக்கும் வந்தா. ரத்தம் கரையலை, கரையாதது மட்டுமில்லை, வளந்திருக்குன்னு சொல்லி அனுப்பியிருந்தாரு திருநெல்வேலி டாக்டர். என்னம்மா தொழில் பண்ணுதீங்கன்னு கேட்டாரு, மெஸ்ஸுன்னேன், அப்போ கீரைச்சட்டி கைக்கெட்டுத தூரத்துலதான்னு சொல்லிச் சிரிச்சாரு. வெளாட்டுக்குத்தான் சொன்னாரு. அந்தச் சிரிப்பு பஸ்ஸுல எங்ககூடவே டிக்கெட் இல்லாம கோவில்பட்டிக்கு வந்து இறங்கிருச்சு. மதினி என் கையைப் புடிச்சு மோந்து பாத்தா, முருங்கை வாடை அடிக்கே தம்பின்னா. ஏன் அடிக்காது, கீரை உருவுன கையில மல்லிகைப்பூவா மணக்கும்? நெருப்பில்லாமப் புகையுமான்னா. ஆமா, இவ பெரிய தீயணைப்பு நிலையம். அதை விடுங்க, அவ அப்படித்தான். மறுநா மத்தியானம் பந்தி முடிஞ்சு, நான் அடுப்படியில சுவரோட சாஞ்சு கண்ணசந்திருக்கேன், மூஞ்சியில மூச்சுக்காத்து படுது, முழிச்சா அவுக. குனிஞ்சு என் வாயை மோந்து பாக்குதாக. குடிகாரன் வாயை மோந்து பாக்கத மாதிரி. அவுக எந்திரிச்சு, தண்ணி குடிக்க வந்தவுக மாதிரி, ஒரு செம்புத் தண்ணியைக் குடிச்சுட்டுப் போனாக. அந்த வாரமே எங்க போர்டுல இருந்து கீரை போச்சு, வெள்ளிக்கிழமை கத்திரிக்காய்னு அவுக கையாலேயே எழுதுனாக. எனக்கு நெஞ்சடைப்பு அன்னைக்குத்தான்யா வந்தது, நிஜமா அடைச்சது அன்னைக்குத்தான்.

அப்புறம் சூடம். அதையும் சொல்லிருதேன், யாருகிட்ட சொல்லுதேன், எங்கிட்டயே சொல்லுதேன். எங்க பக்கத்துல ஒருத்தர் மேல சந்தேகம்னா கோயில்ல சூடத்தைக் கொளுத்தி அதைக் கையால அணைச்சு இல்லைன்னு சத்தியம் பண்ணச் சொல்லுவாக. பண்ணினா முடிஞ்சுது, அதுக்கப்புறம் எவனும் பேசக்கூடாது. மதினிதான் எடுத்துக் குடுத்தா, அவுக தலையைக் குனிஞ்சுக்கிட்டே கேட்டாக, அம்மன் சந்நிதியில ஒரு சூடத்தை அணைச்சிரு வல்லி, எனக்கும் மனசு ஆறிரும். அதோட மதினி நின்னாளா? இந்து வயித்துல இருக்க பிள்ளை மேல சத்தியம்னு சொல்லி அணைக்கணும்னா. என் மக இந்து, ஏழு மாசம் முழுகாம இருக்கா, மதுரையிலதான் குடியிருக்கா. எனக்கு வந்துச்சே ஒரு கோவம். இன்னும் கண்ணே திறக்காத பிள்ளையைக் கொண்டுபோய் ஒரு கீரைக்கட்டுக்கு ஈடு வைக்கவா? பண்ண மாட்டேன்னுட்டேன். சூடமும் அணைக்க மாட்டேன், சத்தியமும் பண்ண மாட்டேன், நான் என்ன ஆடு திருடினவளா? இல்லைன்னு சொன்னேன், அது போதும், என் வார்த்தை போதாதுன்னா என் கை சோறும் உங்களுக்குப் போதாதுன்னேன். மடியில கனமில்லைன்னா வழியில என்ன பயம்னு மதினி முந்தானையை உதறினா. அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாச்சு. செண்பகவல்லி சத்தியம் பண்ண மறுத்துட்டா, அப்போ தின்னிருக்கா. பண்ணியிருந்தா தப்பிச்சிருப்பேன், தெரியும், ஒரு நிமிஷ வேலை. பண்ணலை. இன்னைக்குக் கேட்டாலும் பண்ண மாட்டேன். கோட்டிக்காரி, பைத்தியக்காரின்னாலும் பரவாயில்லை.

இந்துதான் அழுது இழுத்துட்டு வந்தா, இங்க மதுரைக்கு, நுரையீரலுக்குன்னே படிச்ச மெகருன்னிசா டாக்டரம்மாகிட்ட. சின்ன வயசு, மெதுவாப் பேசுதாக. என் ரத்தப் பரிசோதனைச் சீட்டு அத்தனையும் வரிசையாப் பரப்பிப் பாத்தாக, பழைய படம் புதுப் படம் ரெண்டையும் வெளிச்சத்துல வச்சு ரொம்ப நேரம் பாத்தாக. அப்புறம் சொன்னாக, இந்தம்மா ஒழுங்காத்தான் மாத்திரை போட்டிருக்காங்க, பத்தியமும் ஒழுங்காத்தான் இருந்திருக்காங்க, ரத்தம் நல்லா நீர்த்துத்தான் இருந்திருக்கு. எனக்கு அப்படியே எந்திரிச்சு அந்தப் பொம்பளை கையைப் புடிச்சு முத்தம் குடுக்கலாம் போல இருந்துச்சு. கேட்டீகளா, கேட்டீகளான்னு அவுகளைத் திரும்பிப் பாக்குதேன், அதுக்குள்ள டாக்டரம்மா சொல்லுதாக, அதனாலதான் எனக்குப் பயமா இருக்கு, இவ்வளவு நீர்த்த ரத்தத்துல உறைஞ்சது கரையணும், வளரக்கூடாது, இது ரத்தம் உறைஞ்சதாவே இல்லாம இருக்கலாம், அந்த ரத்தக்குழாயோட சுவத்துல இருந்தே வளர்ற ஒரு கட்டியா இருக்கலாம், கேன்சர் கட்டி, ரொம்ப ரொம்ப அபூர்வம், நானே புஸ்தகத்துலதான் பாத்திருக்கேன், ஸ்கேன்ல அச்சு அசல் ரத்த உறைவு மாதிரியே தெரியும், கண்டுபிடிக்கிறதுக்குள்ள மாத்திரை குடுத்துக் குடுத்தே காலம் போயிரும். உறைஞ்ச ரத்தம்னா சர்க்கரையை இழுக்காது, அதுக்கு உசிரு இல்லை, கட்டின்னா இழுக்கும், அதனால இந்த ஸ்கேன் எடுத்துருவோம். அப்போ எங்க வீட்டுக்காரக தொண்டையைச் செருமிட்டுக் கேக்குதாக பாருங்க ஒரு கேள்வி. ஏன் டாக்டரம்மா, ஒருவேளை கீரையினால இருக்காதா? அடப்பாவி மனுஷா.

இப்ப நான் எதைக் கும்புட? அதைச் சொல்லுங்க. சர்க்கரை உள்ள போயிட்டே இருக்கு, நெஞ்சுக்குள்ள அது எரிஞ்சுதுன்னா நான் பொய்க்காரி இல்லை, உலகத்துக்கே தெரியும், பிரமு மதினி மூக்கு அறுந்து விழும். எரியலைன்னா நான் பிழைச்சேன், ஆனா சாகுறவரைக்கும் கீரை தின்ன திருடி. எம்மா, இப்படி ஒரு கணக்கு எந்த வாத்தியாரும் போட்டதில்லை. இன்னைக்கு விடிய எந்திரிச்சதும் அம்மன் படத்துக்கு முன்னாடி நின்னேன், தாயேன்னு கையை எடுத்தேன், எதைக் கேக்கன்னு தெரியாம கையைக் கீழ போட்டுட்டேன். பயம் இருக்கு. இல்லைன்னு சொன்னா அதுதான் நான் சொன்ன முதப் பொய்யா இருக்கும். இந்து பிள்ளையைப் பாக்காமப் போயிருவேனோன்னு இருக்கு, நான் போயிட்டா இந்த மனுஷன் ரசத்துக்குப் புளி கரைக்கக்கூடத் தெரியாம நிப்பாகளேன்னு இருக்கு. இந்து வாசல்ல நிக்கா, ஆனா இன்னைக்குப் பூரா என் பக்கத்துல வரக்கூடாதாம், வயித்துப்பிள்ளைக்கு ஆகாதாம். நான் உள்ள வரும்போது தூரத்துல நின்னு கையைக் காட்டினா, ரயிலேத்தி விடுத மாதிரி. அழுகை வருது. அழலாமா அழக்கூடாதான்னு அந்தப் பிள்ளை சொல்லலை. கண்ணு எதுவும் இழுத்துக்கிடுமோ என்னமோ. வேண்டாம், அழ மாட்டேன், என்னைப் பொய்யாக் காட்டுத எதையும் இன்னைக்கு நான் செய்ய மாட்டேன்.

ஏய், உள்ள இருக்கவனே. இருக்கியா இல்லையான்னு தெரியாது, இருந்தா கேட்டுக்கோ. ரத்தம் மாதிரி வேஷம் போட்டுக்கிட்டு என் ரத்தத்துக்குள்ளயே உக்காந்துக்கிட்டு, என் மூச்சைக் குடிச்சுட்டு, பழியை என் வாயில தடவிட்டு, நல்லா இருக்குடா உன் நியாயம். முழுப்பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவனைக் கேள்விப்பட்டிருக்கேன், நீ பூசணிக்காயை என் நெஞ்சுல மறைச்சுட்டே. நான் சின்ன வயசுலயே அடுப்புல நின்னவ. என் அடுப்படிக்குள்ள எலி வந்திருக்கு, பாம்பு வந்திருக்கு, லஞ்சம் கேட்டு ஒருத்தன் வந்திருக்கான், ஒருத்தனையும் தங்க விட்டதில்லை. நீ மட்டும் என்ன மாப்பிள்ளையா? நெஞ்சைப் பிளந்துதான் எடுக்கணும், பெரிய ஆபரேஷன், பிழைக்கிறது நிச்சயமில்லைன்னு டாக்டரம்மா ஒளிக்காமச் சொல்லியிருக்காக. பிளக்கட்டும். இத்தனை மாசமா எல்லாரும் வெளியில நின்னு மோந்து மோந்துதானே பாத்தாக, ஒருத்தராவது உள்ள திறந்து பாக்கட்டும். கண்ணுக்கு முன்னால நில்லு, அப்புறம் பேசிக்கிடுவோம்.

அம்மா, எந்திரிங்க, ஒன்னுக்குப் போயிட்டு வந்திருங்கன்னு டப்பா கூப்பிட்டுச்சு. போனேன். மிஷின் பெரிய வளையம் மாதிரி இருந்துச்சு, பலகையில படுக்க வச்சுக் கையைத் தலைக்கு மேல தூக்கி வைக்கச் சொன்னா, பந்தியில இலை விரிச்சமாதிரிக் கிடந்தேன், உள்ள போச்சு, வெளிய வந்துச்சு. முடிஞ்சுது, இனிப் பேசலாம்மான்னா ஜெபசெல்வி, தூரத்துல நின்னுக்கிட்டே. ஒரு தனி ரூம்ல உக்கார வச்சாக. கண்ணாடிக் கதவுக்கு வெளியில அவுக ஒயர்கூடையோட எட்டி எட்டிப் பாக்குதாக. ரொம்ப நேரம் கழிச்சு மெகருன்னிசா டாக்டரம்மாவே மாடியில இருந்து இறங்கி வந்தாக, அவுகளையும் உள்ள கூப்பிட்டாக. எழுத்துல முழு ரிப்போர்ட் நாளைக்கு வரும்மா, ஆனா நான் இப்பப் படத்தைப் பாத்துட்டுத்தான் வாரேன்னாக. அந்த ரத்தக்குழாய்க்குள்ள நல்லா எரியுது, ரத்த உறைவு அப்படி எரியாது, அது கட்டிதான், வேற எங்கயும் பரவலை, அதனால தாமதிக்காம ஆபரேஷனுக்குப் போகணும், சென்னையில பண்ணுறவங்ககிட்ட நான் பேசுறேன். டாக்டரம்மா என் கையில ஒரு தட்டுத் தட்டிட்டு, பக்கத்து ரூம்ல இருக்கேன், மனசைத் தேத்திக்கிட்டு வாங்கன்னு போனாக.

நான் ஜெயிச்சுட்டேன். இப்பச் சொல்லுங்க, இப்பச் சொல்லுங்கன்னு அவுகளை ஏறிட்டுப் பாக்குதேன், எத்தனை மாசமா இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கேன், வல்லி நீ தின்னலைன்னு ஒரு வார்த்தை. அவுக கூடையைத் தரையில வச்சாக. தள்ளி இருக்கச் சொல்லியிருக்காக, கிட்ட வராதீகன்னேன். கேக்கலை. என் கால்மாட்டுல அப்படியே தரையில உக்காந்து, என் ரெண்டு கையையும் புடிச்சு மூஞ்சியில வச்சுக்கிட்டாக. மூஞ்சி பூரா நனைஞ்சிருக்கு. வல்லி, தின்னேன்னு சொல்லுன்னாக. எனக்கு விளங்கலை, என்னதுன்னேன். கீரை தின்னேன்னு சொல்லு, வல்லி. ஒளிச்சு வச்சுத் தின்னேன்னு சொல்லு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். மாத்திரையையும் தூக்கிப் போட்டுட்டேன்னு சொல்லு. அந்தம்மாகிட்டப் போய் நான் சொல்லிருதேன், கீரைதாம்மா காரணம், இன்னொரு தடவை பாருங்கன்னு. சொல்லுட்டி, நீ என் தாயில்லையா.

நம்பிட்டாக. நான் தின்னலைன்னு இப்பத்தான் நம்பியிருக்காக. கையை உருவிக்கிடலாம்னு பாத்தேன், விடலை. அவுக உச்சந்தலையில முடி இவ்வளவு கொட்டியிருக்கிறதை நான் பாத்ததே இல்லை. ஒரு நிமிஷம், சொல்லிருவோமான்னு வந்துச்சு எனக்கு, வாய் வரைக்கும் வந்துச்சு.

"தின்னலைங்க" அப்படின்னேன். "ஒரு இலைகூடத் தின்னலை. எந்திரிங்க, கண்ணைத் துடைங்க. ஆபரேஷனுக்கு என்னைக்கு வரணும்னு கேட்டுட்டு வாங்க."

அவுக எந்திரிச்சாக. துடைக்கலை, அழுதுக்கிட்டே போய்க் கேட்டாக.